இலங்கையில் பொதுச் சுகாதாரப் பட்டப்பின் கல்வி: நுழைவும் நிறைவும்

உயர்கல்வி நிறுவனம் ஒன்று தன் மாணாக்கரிடம் எவற்றைக் கேட்டு உள்ளே எடுக்கின்றது, எவற்றைக் கேட்டு வெளியே அனுப்புகின்றது என்பன பொதுவில் நிர்வாகச் செய்திகளாகவே கருதப்படுகின்றன. விண்ணப்பப் படிவத்தோடு இணைத்து அச்சிடப்படும் விதிகளை வரலாற்று ஆவணமாக வாசிப்போர் மிகச் சிலரே. ஆயினும் அவ்விதிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காலத்தின் அச்சமும், ஓர் அரசின் தேவையும், ஒரு தொழிற்குழுவின் நலனும் உறைந்து கிடக்கின்றன. பொதுச் சுகாதாரத் துறையில் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படும். அத்துறை தனியொரு நோயாளியைப் பாராது ஒரு முழுச் சமுதாயத்தையும் பார்ப்பது. எனவே அதில் வல்லுநர் யாரென வரையறுப்பது, சமுதாயத்தின் உடல்நலத்தைப் பற்றி அதிகாரத்துடன் பேசத்தக்கவர் யாரென வரையறுப்பதாகவே முடிகின்றது.

கொழும்பு மாநகரின் வடகிழக்கு ஓரத்தில், கொலன்னாவையை ஒட்டி அமைந்துள்ள ஒருகொடவத்தையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். களனி கங்கையின் தாழ்நிலத்தில் அமைந்த இப்பகுதியில் கொள்கலன் முற்றங்களும் பண்டசாலைகளும் நெருக்கமான குடியிருப்புக்களும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. 2016ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளம் கொலன்னாவைப் பிரதேசத்தை மூழ்கடித்தது. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, அருகிலுள்ள மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் நாடெங்கும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளாகினர். வெள்ளம், குப்பை, நுளம்பு என்னும் மூன்றும் ஒரே நிலத்தில் வந்து கூடும்போது அதனை ஆராய்ந்து அரசுக்கு வழிகாட்ட வேண்டியவர், பொதுச் சுகாதாரத்தில் உயர்பயிற்சி பெற்றவரே. அவரை உருவாக்கும் கல்வியின் நுழைவுத் தகைமையும் நிறைவுத் தகைமையும் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதை வரலாற்று நோக்கில் ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

மானிப்பாயும் கொழும்பும்

இலங்கையில் மேனாட்டு மருத்துவக் கல்வியின் வரலாறு கொழும்பிலன்றி யாழ்ப்பாணத்து மானிப்பாயிலேயே தொடங்குகின்றது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டிலிருந்தே மாணாக்கரைப் பயிற்றத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்று தேறியோர் அரச சேவையையும் பிறவிடங்களையும் நாடிச் செல்வதையும், கிராமங்கள் முன்போலவே மருத்துவரின்றிக் கிடப்பதையும் கண்ட அவர், 1864ஆம் ஆண்டு முதல் தமிழையே போதனாமொழியாக்கினார். 1873ஆம் ஆண்டு தாயகம் திரும்பும் வரையில் அவரிடம் பயின்றோர் அறுபதுக்கு மேற்பட்டவராவர். ஊரைவிட்டு அகலாத வைத்தியரை உருவாக்குவதே கிறீனின் நோக்கம். அந்நோக்கத்திற்கு ஏற்ற கருவி மொழியே என்பது அவர் பட்டறிவால் கண்ட முடிபு.

அவர் வெளியிட்ட முதல் நூல்களுள் ஒன்று அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் மூன்றையும் ஒருங்கே கூறுவதாகும். உற்பாலனம் என்பது நோய் வருமுன் காக்கும் சுகவாழ்வு விதிகளைக் குறிக்க ஆளப்பட்ட சொல். உடற்கூற்றையும் உடற்றொழிலையும் அடுத்து, அவற்றோடு சமநிலையில் வைத்து, நோய்த்தடுப்பு விதிகளும் தமிழில் கற்பிக்கப்பட்டன என்பது கருத்திற் கொள்ளத்தக்கது. மருத்துவ மாணாக்கர் பொதுச் சுகாதார அறிவும் பெற்றே வெளியேற வேண்டும் என்னும் எண்ணம் இத்தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, அதுவும் தமிழ் நூலொன்றில், வித்திடப்பட்டுவிட்டது.

கொழும்பு மருத்துவப் பாடசாலை 1870ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி, தேசாதிபதி சேர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் காலத்தில், 25 மாணாக்கருடன் திறக்கப்பட்டது. அதன் தோற்றத்திற்கும் வடபுலத்திற்கும் உள்ள தொடர்பு பலரும் மறந்ததொன்று. வன்னிப் பிரதேசத்தில் குடிசனம் அருகிவருவதன் காரணத்தை ஆராயுமாறு, வட மாகாணத்தில் அரச வைத்தியராகக் கடமையாற்றிய யேம்ஸ் லூஸ் பணிக்கப்பட்டார். பறங்கி நோயும் வறுமையும் மருத்துவ வசதியின்மையும் மக்களை வாட்டுவதை அவர் எடுத்துரைத்து, உள்நாட்டவரைப் பயிற்றும் மருத்துவப் பாடசாலை ஒன்றன் தேவையை வலியுறுத்தினார். அப்பாடசாலையின் முதல் அதிபரும் அவரே. ஆகவே, இலங்கையின் முதன்மையான மருத்துவக் கல்விக்கூடம் தோன்றியதே ஒரு பொதுச் சுகாதார ஆய்வின் விளைவாக எனல் பொருந்தும். வன்னிக் குளங்களின் ஓரத்தில் எழுந்த வினாவுக்குக் கொழும்பிலே விடை கட்டப்பட்டது.

ஆயினும் கட்டப்பட்ட பின்னர் அந்நிறுவனம் வேறொரு திசையை நோக்கலாயிற்று. 1880ஆம் ஆண்டு அது இலங்கை மருத்துவக் கல்லூரியாகப் பெயர் பெற்றது. அதன் சான்றிதழ் பெற்றோர் பிரித்தானியாவிலும் பதிவுபெறத் தகுந்தோராக ஏற்கப்பட வேண்டும் என்பதே அடுத்த இலக்காயிற்று. அவ்விலக்கு அத்தசாப்தத்தின் இறுதிக்குள் எய்தப்பட்டது. இது தரத்தை உயர்த்திய சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும் தகைமையை அளக்கும் கோல் இலண்டனில் இருப்பது என்னும் மரபு இதனோடு வேரூன்றியது.

பிரித்தானியச் சட்டமும் டிப்ளோமாவும்

பொதுச் சுகாதாரத்தில் தனியான பட்டப்பின் தகைமை வேண்டும் என்னும் கருத்து உருப்பெற்றதும் பிரித்தானிய ஆட்சிப் பரப்பிலேயே. 1871ஆம் ஆண்டு டப்ளின் திரித்துவக் கல்லூரியும், 1875ஆம் ஆண்டு கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகமும் அத்தகைய தகைமைகளுக்கான பரீட்சைகளைத் தொடக்கின. 1886ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் இத்தகைமையைப் பதிவுசெய்ய இடமளித்தது. 1888ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டமோ, 50,000க்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட பகுதிகளில் நியமிக்கப்படும் சுகாதார வைத்திய அதிகாரி இத்தகைய டிப்ளோமாவை உடையவராயிருத்தல் வேண்டும் என விதித்தது.

இங்கு இரு செய்திகள் உற்று நோக்கத்தக்கன. முதலாவது, கல்வி வளர்ந்து பின்னர் பதவி தோன்றியதாக அன்றி, பதவி சட்டத்தால் உறுதிப்பட்ட பின்னரே கல்வி பரந்தது. இரண்டாவது, பொது மருத்துவச் சபை இத்தகைமைக்கு விதித்த நிபந்தனைகள். விண்ணப்பகாரர் பதிவுபெற்ற மருத்துவராயிருத்தல், பதிவுக்குப் பின் குறித்த காலம் கழிந்திருத்தல், ஆய்வுகூடப் பயிற்சி பெற்றிருத்தல், சேவையிலுள்ள சுகாதார அதிகாரி ஒருவரின் கீழ் வெளிவேலை செய்திருத்தல் என்பன அவை. இன்று இலங்கையில் வழங்கும் விதிகளை அறிந்தோர், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இப்பட்டியலில் பழகிய முகங்களையே காண்பர்.

அக்காலத்தில் இத்துறைக்கு மருத்துவர் மட்டுமே உரியவர் என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்டதாய் இருந்தது என எண்ணுதல் தவறாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1915ஆம் ஆண்டு வில்லியம் வெல்ச், விக்லிப் றோஸ் ஆகிய இருவரும் றொக்பெல்லர் மன்றத்திற்காக வரைந்த அறிக்கை, பொதுச் சுகாதாரக் கல்விக்கு மருத்துவக் கல்லூரியினின்று வேறான நிறுவனம் வேண்டும் என்னும் கொள்கைக்கு வித்திட்டது. அதன் பயனாக 1916ஆம் ஆண்டு நிறுவப்பட்ட யோன்ஸ் கொப்கின்ஸ் பாடசாலையில் மருத்துவர்க்கு ஒரு கலாநிதிப் பட்டமும், மருத்துவரல்லாத விஞ்ஞானப் பட்டதாரிகளுக்கு வேறொரு கலாநிதிப் பட்டமும் ஏற்படுத்தப்பட்டன. நீர் வழங்கலும் வடிகாலும் புள்ளிவிவரமும் இரசாயனமும் பொதுச் சுகாதாரத்தின் உறுப்புக்கள் எனின், பொறியியலாளரையும் புள்ளிவிவரவியலாளரையும் வெளியே நிறுத்துதல் இயலாது என்பது அதன் அடிப்படை. இலங்கை பின்பற்றியது பிரித்தானிய வழியையே. இங்கு வாயில் ஒன்றே இருந்தது. அதன் திறவுகோல் மருத்துவப் பட்டமே.

கொள்ளைநோயும் மாநகரமும்

கொழும்பு கீழைத்தேயத்தின் முக்கிய துறைமுகங்களுள் ஒன்றாக வளர்ந்தமை அதன் சுகாதார வரலாற்றைப் பெரிதும் தீர்மானித்தது. தென்னிந்தியாவிலிருந்து அரிசியும் தொழிலாளரும் வந்திறங்கிய வழிகளிலேயே நோய்களும் வந்தன. 1897ஆம் ஆண்டின் தொற்றுத்தடைகாப்பு, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இவ்வச்சத்தின் வெளிப்பாடாகும். கொரோனாப் பெருந்தொற்று 2020ஆம் ஆண்டு நாட்டை முடக்கியபோதும் அதிகாரிகள் கையிலெடுத்தது இப்பழைய சட்டத்தையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநகர சபையின் சுகாதாரப் பகுதி தனியான வைத்திய அதிகாரி ஒருவரின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்டது.

1914ஆம் ஆண்டு கொழும்பில் கொள்ளைநோய் வெடித்தது. புறக்கோட்டையை அடுத்த தானியக் களஞ்சியங்களும், எலிகள் மலிந்த நெருக்கமான தெருக்களும் அதன் நிலைக்களமாயின. மாநகரத்தின் நுண்ணுயிரியல் அறிஞராக விளங்கிய எல். பேபியன் ஹேர்ஸ்ற், எலிகளின் மீதுள்ள தெள்ளுக்களை இனம் பிரித்து ஆராய்ந்தார். எல்லா எலித்தெள்ளுக்களும் நோயை ஒரே வலிமையோடு பரப்புவதில்லை என்பதையும், தெள்ளினத்தின் வேறுபாடு நோய் பரவும் வேகத்தை மாற்றும் என்பதையும் எடுத்துக்காட்டிய ஆய்வாளருள் அவர் முக்கியமானவர். அவருடைய பெருநூல் 1953ஆம் ஆண்டு வெளிவந்து உலகளாவிய மதிப்பைப் பெற்றது. கொழும்பின் பண்டசாலைகளில் பிடிபட்ட எலிகளைக் கொண்டு உலக அறிவுக்குப் பங்களிக்க முடிந்தது என்பது, உள்ளூர்க் களத்தில் நடைபெறும் நுணுகிய ஆய்வு எத்துணைப் பயனுடையது என்பதற்குச் சான்று. ஆயினும் அவ்வாய்வை மாணாக்கர்க்குக் கற்பிக்கும் பட்டப்பின் நிறுவனம் எதுவும் அக்காலத்து நாட்டில் இல்லை. இத்துறையில் உயர்தகைமை விரும்பிய இலங்கை வைத்தியர் நெடுங்காலம் கடல் கடந்தே அதனைப் பெற வேண்டியிருந்தது. 1929ஆம் ஆண்டு புதிய கட்டடத்தில் இயங்கத் தொடங்கிய இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பாடசாலையும், 1932ஆம் ஆண்டு கல்கத்தாவில் தோன்றிய அகில இந்திய சுகாதார நிறுவனமும் றொக்பெல்லர் மன்றத்தின் நிதியால் எழுந்தவையே.

களுத்துறைக் களம்

இலங்கையில் அம்மன்றத்தின் பணி கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்துடன் 1916ஆம் ஆண்டளவில் தொடங்கியது. தோட்டத் தொழிலாளருக்கு மருந்து கொடுத்தும், மலசலகூட வசதியின்மையால் நோய் மீண்டும் மீண்டும் பற்றியமை, மருந்தால் மட்டும் சுகாதாரம் விளையாது என்பதை உணர்த்திற்று. அப்பட்டறிவின் தொடர்ச்சியாகவே 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. வரையறுத்த நிலப்பரப்பு ஒன்று, அதற்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவரின் கீழ்ச் சுகாதாரத் தாதியர், பரிசோதகர், மருத்துவிச்சியர் என்னும் அமைப்பு அது. வீட்டு எண்ணிக்கை, பிறப்பு இறப்புக் கணக்கு, தாய்சேய் நலன், பாடசாலைச் சுகாதாரம், தொற்றுநோய்த் தடுப்பு, குடிநீர், மலசலகூடம் ஆகிய அனைத்தும் ஒரே குழுவின் பொறுப்பாயின. மன்றத்தின் சார்பில் இங்கு பணியாற்றிய டபிள்யூ. பி. யேக்கொக்ஸ் என்பாரும், இலங்கைச் சுகாதார சேவையைச் சேர்ந்த எஸ். எப். செல்லப்பா என்பாரும் இணைந்து சுகாதாரப் பகுதியின் நடைமுறைக்கு ஒரு வழிகாட்டி நூலை ஆக்கினர்.

இவ்வமைப்பின் பெறுமதியை நாடு உணர்ந்தது ஒரு பேரழிவின் ஊடாகவே. 1934ஆம் ஆண்டு பருவமழை பொய்த்து ஆறுகள் வற்ற, ஆற்றுப்படுகைக் குட்டைகளில் நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கி 1935ஆம் ஆண்டு வரை நீடித்த மலேரியாக் கொள்ளை ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. அவ்வாண்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டனர். இதனையடுத்துச் சுகாதாரப் பகுதிகள் விரைந்து பெருகின. 1946ஆம் ஆண்டு 141 ஆகவிருந்த குழந்தை இறப்பு வீதம் அடுத்த ஆண்டில் 101 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சியில் டீ.டீ.ரீ. தெளிப்புக்குப் பங்குண்டு, உணவு மானியத்துக்கும் கல்விப் பரம்பலுக்கும் பங்குண்டு. வீடு வீடாகச் சென்ற மருத்துவிச்சியின் பங்கு இவற்றுள் எதற்கும் குறைந்ததன்று. இன்று அவ்வீதம் பத்துக்கும் கீழ். 2016ஆம் ஆண்டு செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது.

கல்வி வரலாற்று நோக்கில் களுத்துறையின் சிறப்பு வேறொன்றாகும். சேவைக்களமே பயிற்சிக்களமாகவும் அமைந்த முதலிடம் அது. அங்கு வளர்ந்த பயிற்சி நிறுவனமே பின்னாளில் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனமாகப் பரிணமித்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவிச்சியர் ஆகியோரோடு மருத்துவரும் ஒரே களத்தில், ஒரே வீட்டுப் பதிவேட்டைக் கொண்டு பயின்றனர். தகைமைச் சான்றிதழை இலண்டன் வழங்கிய காலத்திலும், தகைமையின் உள்ளீட்டை வழங்கியது களுத்துறையே எனலாம்.

பல்கலைக்கழகமும் பட்டப்பின் நிறுவனமும்

1942ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது மருத்துவக் கல்லூரி அதன் மருத்துவ பீடமாயிற்று. பொதுச் சுகாதாரமும் நோய்த்தடுப்பு மருத்துவமும் தனித்துறையாக வளர்ந்தன. அத்துறைப் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் விளங்கிய ஓ. ஈ. ஆர். அபயரத்தின குடிசனப் பெருக்கத்தையும் கருவளப் போக்கையும் ஆராய்ந்து, மருத்துவத்தையும் குடியியலையும் இணைத்தார். எனினும் விசேட வைத்தியராக விரும்புவோர் பிரித்தானிய அரச கல்லூரிகளின் பரீட்சைகளுக்கே தோற்ற வேண்டியிருந்தது. 1973ஆம் ஆண்டு வரையில் உள்நாட்டில் நடைபெற்றது அப்பரீட்சைகளின் முதற்பகுதி மட்டுமே.

அவ்வாண்டில் அரசு தனக்கு வேண்டிய விசேட வைத்தியரைத் தானே பயிற்றுவது எனத் தீர்மானித்தது. மறு ஆண்டில் இதற்கென ஆலோசனைக் குழு அமைந்தது. 1976ஆம் ஆண்டு பட்டப்பின் மருத்துவக் கல்விக்கு ஒரு நிறுவனம் உருவாயிற்று. அது 1980ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ், கொழும்புப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவனமாக மறுசீரமைக்கப்பட்டது. பயிற்சிக்காகச் சென்றோர் பலர் அங்கேயே தங்கிவிட்டமையும் அந்நியச் செலாவணி நெருக்கடியும் இம்மாற்றத்தின் பின்னணியில் இருந்தன. ஒரு நூற்றாண்டுக்கு முன் மானிப்பாயில் கிறீன் எதிர்கொண்ட அதே சிக்கலுக்கு, கொழும்பு அளித்த விடை இது. வேறுபாடு யாதெனில், கிறீன் மொழியை மாற்றினார். கொழும்பு பரீட்சை நடைபெறும் இடத்தை மாற்றியது.

இக்காலத்தில் உலகளாவிய சிந்தனையும் மாறிக்கொண்டிருந்தது. பிரித்தானியாவில் 1968ஆம் ஆண்டின் ரொட் ஆணைக்குழு அறிக்கையைத் தொடர்ந்து சமுதாய மருத்துவம் என்னும் பெயர் நிலைபெற்று, பழைய டிப்ளோமா வழக்கொழியலாயிற்று. 1978ஆம் ஆண்டின் அல்மா அற்றாப் பிரகடனம் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பை முதன்மைப்படுத்தியது. அதே ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தோன்றியது. அங்கு சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கிய செ. சிவஞானசுந்தரம் (1928–2005), ‘நந்தி’ என்னும் பெயரில் தமிழிலக்கிய உலகம் நன்கறிந்த எழுத்தாளராவார். மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ‘மலைக்கொழுந்து’ நாவலில் தீட்டிய அவரே, தாய்மாருக்கும் இளைஞருக்கும் சுகாதார நூல்களைத் தமிழில் எழுதினார். ஆய்வு செய்யக் கற்போருக்கு ஆங்கிலத்தில் வழிகாட்டி நூலும் ஆக்கினார். மக்கள் மொழியும் ஆய்வு மொழியும் ஒருவரிடத்தே ஒன்றுகூடக்கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

தகைமைகளின் உட்பொருள்

பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் சமுதாய மருத்துவ நெறிக்குரிய விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு வந்துள்ளன. ஆயினும் அவற்றின் சட்டகம் நிலையானது. நுழைவதற்கு மருத்துவப் பட்டம், ஓராண்டு உள்ளகப் பயிற்சி, மருத்துவச் சபையின் பதிவு, தெரிவுப் பரீட்சை ஆகியன வேண்டும். முதல் நிலையான முதுவிஞ்ஞானமாணி நெறியில் நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளிவிவரவியல், குடும்ப நலம், சூழல், தொழிற்சுகாதாரம், சுகாதார முகாமை முதலியன கற்பிக்கப்படும். கலாநிதி நிலைக்குச் செல்வோர் தாமே மேற்கொண்ட ஆய்வை ஆய்வேடாக எழுதி, பரீட்சகர் முன் நிறுவுதல் வேண்டும். ஆய்வுக்கு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இன்றியமையாதது. அதன் பின்னரும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி பெற்றே ஒருவர் சமுதாய மருத்துவ விசேட வைத்தியராகச் சான்றளிக்கப்படுவார்.

இவற்றை மேற்கூறிய வரலாற்றோடு பொருத்தி நோக்கின், ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்துப் படிவு என்பது புலனாகும். பதிவுபெற்ற மருத்துவராயிருத்தல் என்பது விக்ரோறியாக் காலப் பிரித்தானிய விதியின் எச்சம். களப்பயிற்சி அவ்விதியோடு வந்து களுத்துறையில் இலங்கை உருவம் பெற்றது. ஆய்வேடு, 1973ஆம் ஆண்டின் பின் உள்நாட்டுத் தரத்தை நிலைநாட்ட எழுந்த விழைவின் வெளிப்பாடு. வெளிநாட்டுப் பயிற்சியோ, அளவுகோலை முற்றாகத் தன் கையில் எடுத்துக்கொள்ள நாடு தயங்கியதன் அடையாளம்.

அத்தயக்கத்தைக் குறைகூறுதல் எளிது. சிறிய நாடொன்றின் வல்லுநர் பிறநாட்டு அனுபவம் பெறுதல் அறிவுத்தேக்கத்தைத் தவிர்க்கும் என்பதும் மறுக்கவியலாதது. எனினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் பெருந்தொகையான வைத்தியர் நாட்டைவிட்டு நீங்கியபோது, வெளிநாட்டுப் பயிற்சி என்னும் விதி திரும்பிவரும் பாதையாகவும் திரும்பாத பாதையாகவும் அமையலாம் என்பது மீண்டும் நினைவூட்டப்பட்டது.

எஞ்சும் வினாக்கள்

இவ்வரலாறு இரண்டு வினாக்களை நம்முன் வைக்கின்றது. முதலாவது, வாயிலைப் பற்றியது. பதினைந்து ஆண்டுகள் கொலன்னாவைத் தெருக்களில் நடந்து, எந்த வடிகால் எந்த மழைக்கு நிரம்பும் என அறிந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு மேற்கூறிய விசேட நெறியில் இடமில்லை. நீரியல் கற்ற பொறியியலாளருக்கும் சமூகவியல் கற்ற பட்டதாரிக்கும் அவ்வாறே. நமக்கு இவ்விதியை அளித்த பிரித்தானியாவே 2000களின் தொடக்கத்தில் மருத்துவரல்லாதாரையும் பொதுச் சுகாதார விசேட தகைமைக்கு அனுமதித்துவிட்டது. கொடுத்தவர் கைவிட்ட விதியைப் பெற்றவர் காத்து நிற்பது குடியேற்றக் கல்வி வரலாற்றில் புதியதன்று. நோயைக் கண்டறியும் பொறுப்பு உள்ளமையால் மருத்துவ அறிவு இன்றியமையாதது என்பது இதற்கு எதிராகக் கூறப்படும் வாதம். அது வலுவுடையதே. ஆயினும் சரிந்த குப்பை மேடு மருத்துவப் பிரச்சினையாக மாறுமுன் மண்ணியல் பிரச்சினையாகவும் நகராட்சிப் பிரச்சினையாகவும் இருந்தது. வெவ்வேறு அறிவுடையோர் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்க வழியில்லையாயின், பேரிடர் நிகழும்போது அவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதும் அரிதாகும்.

இரண்டாவது வினா மொழியைப் பற்றியது. சமுதாய மருத்துவ ஆய்வுகள் பெரும்பாலும் வினாக்கொத்தைக் கொண்டு நடைபெறுவன. வினாக்கொத்து சிங்களத்திலும் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு, மீளவும் ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டுச் சரிபார்க்கப்படும். மக்கள் தம் மொழியில் அளிக்கும் விடைகள் ஆங்கில ஆய்வேடாக மாறி நூலகத்தைச் சேரும். விடையளித்தோருக்கு அவ்வாய்வின் முடிபு அவர்களது மொழியில் திரும்பிச் செல்லவேண்டும் என்பது பட்டம் பெறுவதற்குரிய தகைமைகளுள் முதன்மையானதாகக் கருதப்படுவதில்லை. அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 60களிலும் விஞ்ஞானச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. கிறீனின் காலந்தொட்டே சொற்கள் உள்ளன. ஆகவே கலைச்சொல் இல்லை என்பது காரணமாகாது. எழுதவேண்டும் என்னும் விதி இல்லாமையே காரணமாகும். ஒவ்வோர் ஆய்வேட்டுடனும், ஆய்வு நடைபெற்ற பகுதி மக்களின் மொழியில் பத்துப் பக்கச் சுருக்கமொன்று எழுதப்பட்டு, அப்பகுதிச் சுகாதார அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும் என நிபந்தனை விதிப்பதற்குப் பெரும் பொருட்செலவு ஏற்படாது. இருபது ஆண்டுகளில் அது தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பொதுச் சுகாதார நூற்றொகுதியையே ஆக்கிவிடும்.

தரம் என்பதற்கு எதிராக இவ்யோசனைகள் முன்வைக்கப்படுவதாகக் கருதலாகாது. மேலே கண்ட வரலாறு காட்டுவது இதனையே: இலங்கையின் பொதுச் சுகாதாரம் உலகின் மதிப்பைப் பெற்ற தருணங்களில் எல்லாம் அதன் வலிமை களத்திலிருந்தே வந்தது. லூஸின் வன்னி அறிக்கையும், ஹேர்ஸ்ற்றின் எலிகளும், களுத்துறையின் வீட்டுப் பதிவேடும் உள்ளூர் மண்ணில் வேரூன்றிய அறிவின் விளைவுகள். நுழைவுத் தகைமை அவ்வறிவுடையோரை வெளியே நிறுத்தாதிருத்தலும், நிறைவுத் தகைமை அவ்வறிவை மீண்டும் மண்ணுக்கே கொண்டு சேர்த்தலும் உண்மைத் தரத்தின் கூறுகளாகும்.

களனி கங்கை அடுத்த முறை பெருகும்போது ஒருகொடவத்தையின் தாழ்நிலக் குடியிருப்புக்களில் நீர் மீண்டும் புகும். அந்நீர் வடிந்தபின் எந்தக் கிணறு மாசுற்றது, எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், எந்தத் தெருவில் நுளம்பு முட்டையிடும் என்னும் வினாக்கள் எழும். அவ்வினாக்களுக்கு விடை தேடுபவர் எத்தகைமைகளைப் பெற்று வந்தவர் என்பதைக் குடியிருப்பாளர் கேட்கப்போவதில்லை. அவர் தம் மொழியில் பேசுகின்றாரா, சென்ற வெள்ளத்தில் நிகழ்ந்ததை அறிந்திருக்கின்றாரா, மீண்டும் வருவாரா என்பனவற்றையே கவனிப்பர். நூற்றைம்பது ஆண்டுகளாகத் திருத்தப்பட்டு வரும் விதிப்பட்டியலில் இனிச் சேர்க்கப்பட வேண்டிய தகைமைகள் இவையே.